இருட்டில வளர்ந்த பயறுக்கு என்ன சொல்?

கிளிநொச்சி, விஞ்ஞான ஆசிரியை:
எல்லாருக்கும் வணக்கம். நாளைக்குக் காலமை செயல்தாள் அடிக்கக் குடுக்கவேணும், ஒரு சொல்லில நிக்கிறன். ரெண்டு சிரட்டையில பயறு போட்டு ஒண்டை வெயிலில வைச்சம், மற்றதைப் பெட்டியால மூடினம். மூடினது நெடுநெடுவெண்டு வளர்ந்து, வெளிறி, நுனி கொக்கி மாதிரி வளைஞ்சு நிக்குது. 'வெளிறல்' எண்டு எழுதினன், ஒரு பிள்ளை உடன "ரீச்சர், யூரியா போட்டாச் சரிவருமோ?" எண்டு கேட்டுது. பிள்ளையில பிழையில்லை, வயலில யூரியா காணாத நெல்லும் வெளிறித்தானே நிக்கும். வெளிச்சம் இல்லாமல் வாறதுக்குத் தனிச்சொல் வேணும்.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பிள்ளை, சொல் எங்களிட்டையே இருக்கு. பசலை. தலைவனைப் பிரிஞ்சவளின்ர மேனியில படருற நிறம். குறள் 1186ஐப் பாருங்கோ, விளக்கு அணையிற நேரம் பார்த்து நிக்கிற இருள் மாதிரி, தழுவின கை விலகிற நேரம் பார்த்து நிக்குமாம் பசப்பு. இருளும் வெளிறலும் ஒரே குறளில! பசுமை, பச்சை, பாசி, பைங்கூழ் எல்லாம் ஒரே குடும்பம், பசலையும் அதுக்குள்ளதான்.

துணுக்காய்:
அப்ப பச்சையின்ர அடியில இருந்தே பச்சை போனதுக்குப் பேரோ ஐயா? பேசாமல் இங்கிலீசில சொல்லுற 'எற்றியோலேசன்' எண்டே போடுவம், உயர்தரத்தில எப்பிடியும் படிக்கத்தானே போகினம்.

முள்ளியவளை, கமக்காரர்:
ஐயா குறை நினைக்காதேங்கோ, பசலை எண்டால் எங்கட பிள்ளையள் பசளை, அதுதான் உரம், எண்டுதான் கேப்பினம். திரும்பவும் யூரியாவிலதான் வந்து நிக்கும். மரத்துக்குக் கீழ நிண்ட பயறை நாங்கள் 'நெடுத்துப்போச்சு' எண்டுதான் சொல்லுறது.

மாங்குளம்:
அண்ணை சொன்னதிலதான் விசயமே இருக்கு. நைதரசன் குறைஞ்சால் செடி பழைய இலையில இருக்கிறதை எடுத்துப் புதுக் குருத்துக்குக் குடுக்கும், அதால அடியிலைதான் முதல் மஞ்சளாகும், செடியும் கட்டையா நிக்கும். இரும்புச்சத்துக் குறைஞ்சால் மற்றப்பக்கம், குருத்துத்தான் முதல் வெளிறும். இருட்டில நிக்கிற பயறு விதைக்குள்ள இருந்த சாப்பாட்டை முழுக்கத் தண்டை நீட்டுறதில செலவழிக்குது, வெளிச்சத்தைத் தேடி. பச்சையம் முழுசா உண்டாக வெளிச்சம் வேணும், அதால வெளிறல். ஆக வெளிறல் ரெண்டுக்கும் பொது, நெடுத்தல் இதுக்கு மட்டும். 'இருள்நெடுப்பு' எண்டால் என்ன?

வவுனியா:
நெடுமை பண்பெல்லோ தம்பி, வினையாக்கிப் 'பு' சேர்க்கிறது எப்பிடி?

மாங்குளம்:
எடு எடுப்பு, தடு தடுப்பு, அப்பிடித்தான் ஐயா. நெடுத்துப்போச்சு எண்டு சனம் வினையாக்கி எவ்வளவு காலம்.

முள்ளியவளை:
எனக்கு உடன விளங்கிச்சுது. அதையே போடுங்கோ.

கிளிநொச்சி:
சரி, இருள்நெடுப்பு எண்டே அடிக்கக் குடுக்கிறன். ஐயாவுக்கு மனமில்லை எண்டு தெரியும். இன்னொண்டு, நேற்றுப் பெட்டியைத் திறந்து வைச்சனான், இண்டைக்குக் கொக்கி நிமிர்ந்து இலை பச்சை பிடிக்கத் தொடங்கிட்டுது. அதுக்கும் ஒரு சொல் வேணும்.

வவுனியா:
அதுக்காவது 'பசலை நீங்கல்' எண்டு போடுங்கோ பிள்ளை.