நான் எடுத்த படம் நான் பார்த்ததைத்தான் காட்டுகிறதா? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

ஏணிக்காரன்

இயந்திரப் பராமரிப்பு என் தொழில். படம் எடுப்பது அந்தத் தொழிலில் ஒட்டிக்கொண்ட வேலை. எட்டாத உயரத்தில் இருக்கும் மோட்டாரின் பெயர்த்தகட்டைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் படமெடுத்து, அதில் தெரியும் எண்களை வைத்து உதிரிப்பாகம் கேட்டு எழுதுவது பல ஆண்டுகளாக என் பழக்கம். அண்மையில் அப்படி எடுத்த ஒரு படத்தில், சுழலும் தண்டைத் தாங்கும் வளையமான பேரிங்கின் எண் 6206 என்று அச்சடித்தாற்போல் தெரிந்தது. அதையே எழுதி அனுப்பினேன். பேரிங் வந்தது, மோட்டாரைக் கழற்றிக் கீழே இறக்கினோம், பேரிங் தண்டில் நுழைய மறுத்தது. இந்த வகைப் பேரிங்குகளில் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் மில்லிமீட்டரில் வந்துவிடும். என் கையில் இருந்தது 30 மி.மீ.; தண்டோ 40 மி.மீ. தகட்டைத் துடைத்துவிட்டுக் கண்ணால் பார்த்தபோது அதில் பொறித்திருந்தது 6208.

என் கண் ஏமாந்ததா என்று பழைய படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இல்லை, படத்தில் இருப்பது ஐயத்துக்கு இடமில்லாத ஆறு. எட்டின் மேல்வளையத்தில் வலப்பக்கம் ஒரு சிறு துண்டு மறைந்தால் அது ஆறாகிவிடும் என்பது புரிகிறது. ஆனால் மறைந்த இடம் மங்கலாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? மங்கலாக இருந்திருந்தால் நான் அன்றைக்கே ஏணி போட்டிருப்பேன். கைப்பேசியின் மென்பொருள் அந்த மங்கலைத் தானாகவே தீர்த்து, விளிம்புகளைச் சீவி, தனக்குத் தோன்றிய எண்ணை எனக்குக் கொடுத்திருக்கிறது.

இது முற்றிலும் புதிய வகைப் பிழையும் அன்று. 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினியியலாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில வருடி (ஸ்கேனர்) இயந்திரங்கள் ஒரு கட்டட வரைபடத்தில் இருந்த அறைப் பரப்பளவு எண்களையே மாற்றிவிட்டதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். ஒத்த வடிவங்களை ஒரே வடிவமாகச் சேமித்து இடத்தை மிச்சப்படுத்தும் சுருக்க முறைதான் அதற்குக் காரணம். அதே இயந்திரங்கள் வேறொரு தாளில் ஆறை எட்டாக்கின என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பேரிங்கைத் திருப்பி அனுப்பிய எரிச்சலும் கொஞ்சம் குறைந்தது.

தாம் எடுத்த படத்தையே நம்ப முடியாமல் போன அனுபவம் இங்கு எத்தனை பேருக்கு இருக்கிறது?

பழைய மினிலேப்

ஐயா, ஃபிலிம் காலத்தில், படம் கழுவி அச்சிட்டுத் தரும் மினிலேப் நடத்தியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்துப் படங்கள் பார்த்ததைப் பார்த்தபடியே காட்டின என்று யாராவது எண்ணினால், அந்தப் படங்களை அச்சிட்டவனை அவர் சந்தித்ததில்லை என்றுதான் பொருள்.

நெகட்டிவைக் கழுவுவதில் எங்களுக்குச் சுதந்திரம் கிடையாது. டெவலப்பர் என்ற கழுவும் கரைசல் ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ், மூன்றேகால் நிமிடம், அவ்வளவுதான். பிரிண்ட் போடும்போதுதான் கூத்து தொடங்கும். ஒரு காட்சியில் உள்ள நிறங்களையெல்லாம் கலந்தால் சாம்பல் நிறம் வர வேண்டும் என்ற அனுமானத்தில் அந்த இயந்திரம் இயங்கும். பெரும்பாலான படங்களுக்கு அது பொருந்திவிடும். சிவப்புத் திரை முழுவதுமாகத் தொங்கும் ஒரு மேடைப் படத்தைக் கொடுத்தாலோ, சிவப்பு மிகுந்துவிட்டது என்று இயந்திரம் முடிவுகட்டி, அதைக் குறைத்து, மேடையில் நிற்பவர்களின் முகங்களை நீலப்பச்சையாக்கிவிடும். உடனே நான் விசைகளைத் தட்டித் திருத்துவேன். எதை வைத்து? அந்த மேடையை நான் பார்த்ததே இல்லை. முகம் இப்படித்தான் இருக்கும், திரை இப்படித்தான் இருக்கும் என்ற என் ஊகத்தை வைத்துத்தான்.

வாடிக்கையாளர் ஒருவர் தம் சட்டையின் நிறம் இதுவல்ல என்று இருமுறை பிரிண்டைத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாம் முறை சட்டையையே கொண்டுவந்து இயந்திரத்தின் மேல் வைத்தார். அதைப் பார்த்து நிறத்தைச் சரிசெய்தேன். சட்டை சரியாக வந்தது, சுவர் மாறிவிட்டது. சுவரைப் பற்றி அவர் கேட்கவில்லை.

வணிகம் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ஆறுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. ஃபிலிம் விற்ற கோடாக் நிறுவனம் தூங்கிவிட்டது, டிஜிட்டல் வந்து அதை விழுங்கிவிட்டது என்று மேடைதோறும் ஒரு கதை சொல்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. டிஜிட்டல் கேமராவை 1975இல் உருவாக்கியவரே கோடாக்கின் பொறியாளர் ஸ்டீவன் சாசன்தான், ஏறத்தாழ 3.6 கிலோ எடை, 0.01 மெகாபிக்சல், ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி. 2005இல் அமெரிக்காவில் டிஜிட்டல் கேமரா விற்பனையில் முதலிடத்தில் இருந்ததும் கோடாக்தான். அவர்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாமல் இல்லை. கேமராவை ஒருமுறை விற்றுவிட்டு ஃபிலிமையும் கழுவுவதையும் காலமெல்லாம் விற்கும் ஏற்பாட்டுக்கு மாற்றாக அதே அளவு வருமானம் தரும் எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1888இல் கோடாக்கின் நிறுவனர் ஈஸ்ட்மன் விற்ற முதல் கோடாக் கேமராவில் நூறு படம் எடுத்து முடித்ததும் கேமராவையே நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். வேதியியல் வேலை எல்லாம் அவர்கள் கையில். அந்த அமைப்பில் நூறாண்டு வாழ்ந்தவர்கள் அதிலிருந்து எப்படி வெளியேறுவார்கள்? 1994இல் தங்கள் வேதிப்பொருள் பிரிவைத் தனி நிறுவனமாகக் கழற்றிவிட்டார்கள். ஃபியூஜிஃபிலிம் நேர்மாறாகச் செய்தது: ஃபிலிமுக்கு அடித்தளமான பொருளிலிருந்து எல்சிடி திரைகளுக்கான மெல்லேடு, ஃபிலிமில் பயன்பட்ட கொலாஜன் அறிவிலிருந்து 2007இல் சருமப் பூச்சுகள் என்று வேதியியலையே பிடித்துக்கொண்டு கரையேறியது. கோடாக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டது. எனக்கோ, ஃபிலிம் இன்னும் பல்லாண்டு நிற்கும் என்று உறுதி சொல்லிப் புதிய இயந்திரத்தைத் தலையில் கட்டிய முகவர் ஒருவர் கிடைத்தார். இரண்டே ஆண்டில் கடையை மூடினேன். அவரும் நம்பித்தான் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன்.

இன்றைக்குக் கைப்பேசி விற்பவரின் நிலைமை வேறு. அவர் ஃபிலிம் விற்கவில்லை; அடுத்த கைப்பேசியை விற்க வேண்டும். போன ஆண்டு மாடலைவிட இது தெளிவாக எடுக்கிறது என்று சொல்லாவிட்டால் யார் மாற்றுவார்கள்? பெரிதாக்கிப் பார்த்தால் மங்கலாகத் தெரியும் கைப்பேசியை எவரும் வாங்குவதில்லை. உங்கள் ஆறு அங்கேதான் பிறந்தது.

பச்சைப்புள்ளி

படச் செயலாக்க மென்பொருள் எழுதுகிறேன். சுருக்கமாக ஒரு திருத்தம். பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்களில் ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தை மட்டுமே அளக்கிறது. பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம் என்ற அந்த அமைப்பை 1976இல் காப்புரிமை பெற்ற பிரைஸ் பேயரும் கோடாக்கில் இருந்தவரே. ஆகவே நீங்கள் பார்க்கும் வண்ண மதிப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு அளந்தவை அல்ல, அக்கம்பக்கத்துப் பிக்சல்களிலிருந்து கணக்கிட்டவை. இதை யாரும் பொய் என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. கணக்கிடப் பயன்பட்ட தகவல் எல்லாம் அதே காட்சியிலிருந்து வந்தது.

மென்பொருள் தான் முன்பு பார்த்த வேறு காட்சிகளிலிருந்து கற்றதை உங்கள் காட்சியில் நிரப்பும்போதுதான் எனக்கு உறுத்துகிறது. 2023 மார்ச்சில் ஒருவர் நிலவின் படம் ஒன்றை 170 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, வேண்டுமென்றே மங்கலாக்கி, கணினித் திரையில் வைத்து, எட்ட நின்று சாம்சங் கைப்பேசியால் எடுத்துக் காட்டினார். திரையில் இல்லாத பள்ளங்கள் படத்தில் வந்தன. நிலவு எல்லாருக்கும் ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது என்பதால் அங்கே பெரிய கேடில்லை. மோட்டார்த் தகடுகள் அப்படி அல்லவே. எங்கள் அணியில் இதைப் பற்றி நான் வாதிட்டுத் தோற்ற கதை தனி. பயனர்களுக்கு இரண்டு படங்களையும் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அவர்கள் நிரப்பிய படத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான் எதிர்வாதம், அதற்கு என்னிடம் விடை இல்லை.

செய்திமேசை

செய்தி நிறுவனம் ஒன்றில் படங்களைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் இருக்கிறேன். எங்களுக்கு வரும் பொய்களில் பெரும்பாலானவை செயற்கை நுண்ணறிவு உருவாக்கியவை அல்ல. உண்மையான, ஆனால் வேறு நாளின், வேறு இடத்தின் படங்கள். ஒரு வெள்ளத்தின்போது நண்பர் ஒருவர் அனுப்பிய, பாலம் மூழ்கும் படத்தை நானே வெளியிடத் தயாராகிவிட்டேன். அவர் பொய் சொல்பவர் அல்லர் என்பதே என் சோதனையாக இருந்தது. கடைசி நேரத்தில் மேசையின் மூத்தவர் ஒரே கேள்வி கேட்டார்: "இதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எங்கே?" நண்பரிடம் கேட்டேன், அவருக்கு வேறொருவர் அனுப்பியதாம், அந்த வேறொருவருக்கு இன்னொருவர். தேடிப் பார்த்ததில் அந்தப் பாலம் பல ஆண்டுகளுக்கு முன்பே மூழ்கியிருந்தது.

அந்தக் கேள்வியை நான் இன்றுவரை விடவில்லை. களத்தில் நின்று எடுத்தவரிடம் ஒரு படம் மட்டும் இருக்காது; கை நடுங்கியது, ஆள் குறுக்கே வந்தது, தரையை எடுத்தது என்று வரிசையாகப் பத்து இருக்கும். பொய்யருக்கு ஒரு நல்ல படத்தை உருவாக்குவது எளிது. ஒன்பது மோசமான படங்களையும் பொருத்தமாக உருவாக்க அவருக்குத் தோன்றுவதில்லை. இதுவும் எவ்வளவு காலம் செல்லுமோ.

2023 மே மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகன் அருகே வெடிப்பு என்று ஒரு பொய்ப்படம் பரவியபோது, அமெரிக்கப் பங்குச் சந்தை சில நிமிடங்கள் சரிந்து மீண்டது. உற்றுப் பார்த்தால் வேலியும் கட்டடமும் ஒன்றோடொன்று கலந்து தெரியும்; ஆனால் உற்றுப் பார்க்க யாருக்கும் அந்த நிமிடங்களில் பொறுமை இல்லை. 2024 மார்ச்சில் நேர்மாறான அனுபவம்: பிரிட்டிஷ் இளவரசி ஒருவரின் குடும்பப் படத்தில் குழந்தையின் சட்டைக்கை ஓரம் பொருந்தவில்லை என்று தெரிந்ததும், ஏபி, ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி, கெட்டி ஆகிய நிறுவனங்கள் அந்தப் படத்தைத் திரும்பப் பெற்றன. படத்தில் இருந்தவர்கள் உண்மையானவர்கள், யாருக்கும் பண இழப்பு இல்லை, வீட்டுப் படத்தைத் தாமே திருத்தியதாக மறுநாள் அவரும் ஒப்புக்கொண்டார். அவ்வளவு கடுமை தேவையா என்று என்னிடம் பலர் கேட்டார்கள். தேவைதான் என்பது என் கருத்து. 1982இல் நேஷனல் ஜியாகிரஃபிக் தன் அட்டைக்காக இரண்டு பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்தது. அதை இன்றும் நாங்கள் புதிதாகச் சேர்பவர்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

படம் எங்கே பிறந்தது, யார் திருத்தினார் என்பதைக் குறியாக்க முத்திரையோடு கோப்புக்குள்ளேயே ஒட்டும் தரநிலையை 2021இல் அமைந்த ஒரு கூட்டமைப்பு வளர்த்துவருகிறது. சி2பிஏ என்று பெயர். 2023இல் கேமரா நிறுவனமான லைக்கா அதை ஒரு கேமராவுக்குள்ளேயே வைத்து விற்றது. நான் வரவேற்கிறேன், ஆனால் அளவோடு. 2025இல் நிகானின் ஒரு கேமராவில், பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியும் வசதியைக் கொண்டு, அந்தக் கேமரா எடுக்காத படத்துக்கும் முத்திரை வாங்கிவிடலாம் என்று தெரியவந்து, நிறுவனம் அந்தச் சேவையை நிறுத்திவைத்தது. முத்திரை சரியாக இருந்தாலும் அது கேமராவைப் பற்றித்தான் சாட்சி சொல்லும். ஏணிக்காரரின் ஆறும் முறையான முத்திரையோடு வந்திருக்கும்.

இரவுப்பறவை

எல்லாரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள், ஆகவே மறுபக்கத்தை நான் சொல்கிறேன். 2024 மே மாதம் பெரிய சூரியப்புயல் வந்த இரவில் வானத்தை அண்ணாந்து பார்த்தபோது எனக்குத் தெரிந்தது மேகம்போன்ற ஒரு சாம்பல் படலம். ஏமாற்றத்தோடு கைப்பேசியை உயர்த்தினேன். திரையில் இளஞ்சிவப்பும் பச்சையுமாகத் துருவ ஒளி. மென்பொருள் வண்ணம் பூசுகிறது என்றே முதலில் நினைத்து, பழைய டிஜிட்டல் கேமராவை முக்காலியில் வைத்துப் பத்து விநாடி திறந்து எடுத்தேன். அதே நிறங்கள். மங்கிய ஒளியில் நம் கண்தான் நிறத்தைக் கைவிடுகிறது. கேமரா விநாடிகளாக ஒளியைச் சேர்த்துக்கொண்டு அங்கே உண்மையில் இருந்ததைக் காட்டியது. அன்றிரவு பொய் சொன்னது என் கண்.

ஏணிக்காரன்

பச்சைப்புள்ளி சொன்ன பிரிவினையை வைத்துப் பார்த்தால் இரவுப்பறவையின் அனுபவமும் என் அனுபவமும் மோதவில்லை என்றே படுகிறது: அங்கே ஒளி அந்த வானத்திலிருந்து வந்தது, என் ஆறு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. பழைய மினிலேப் ஐயாவின் சட்டைக்காரர்தான் எனக்கு மிகவும் பிடித்தவர். அவரைப் பின்பற்றித் தகட்டையே கழற்றி எடுத்துச் செல்ல எங்கள் மேலாளர் விடமாட்டார்.

நேற்று அடுத்த மோட்டாரின் தகட்டை எடுக்க வேண்டியிருந்தது. கைப்பேசியில், மென்பொருள் மெருகேற்றாத ரா வடிவத்துக்கு மாறி, பெரிதாக்காமல், செய்திமேசை சொன்னபடி ஐந்தாறு படங்களை அடுத்தடுத்து எடுத்தேன். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது கடைசி இலக்கம் ஐந்தாகவும் இருக்கலாம், ஆறாகவும் இருக்கலாம், ஒரு படத்தில் எட்டுபோலவும் தெரிந்தது. ஏணியை எடுத்துக்கொண்டு போனேன்.