கர்ட்டெயில்மென்ட்: 'மின்மறிப்பு' சரிவருமா?

வணக்கம்.

மின்சாரம் மிகையாகும்போது உற்பத்தியாளரைக் குறைக்கவோ நிறுத்தவோ சொல்வதை ஆங்கிலத்தில் கர்ட்டெயில்மென்ட் (curtailment) என்கிறார்கள். நம் குழு இதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறது. 'மின்வெட்டு' போதும் என்று முந்தைய மடலில் வந்த யோசனை எனக்கு ஒப்பவில்லை. மின்வெட்டு என்றால் வீட்டில் விளக்கு அணையும். நாம் பெயர் தேடும் காரியத்தில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். மின்சாரம் தருபவரைத்தான் 'இப்போதைக்கு வேண்டாம்' என்று நிறுத்துகிறார்கள். முன்னது பற்றாக்குறையால் வருவது, பின்னது மிகையால் வருவது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் செய்தியைப் படிப்பவர் தலைகீழாகத்தான் விளங்கிக்கொள்வார்.

இலங்கையில் இது இனிப் பொறியியலாளர்கள் மட்டும் பேசும் விஷயம் அல்ல. 2016இல் 'சூரிய பல சங்ராமய' என்ற அரசின் கூரைச் சூரியமின் திட்டம் தொடங்கிய பிறகு கூரைச் சூரியமின் மளமளவென்று பெருகி ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று அலகுகளையும் சேர்த்தாலே 900 மெகாவாட்தான். 2030இல் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வரவேண்டும் என்பது அரசின் இலக்கு. நல்லது. ஆனால் ஞாயிறு நண்பகலில் அலுவலகமும் தொழிற்சாலையும் மூடிக் கிடக்கும், கூரைகளுக்கு மட்டும் விடுமுறை கிடையாது. அந்த நேரத்தில் மின் கட்டமைப்பைத் தாங்கிப் பிடிக்கும், பெரிய மின்நிலையங்களின் கனமான சுழலிகள் குறைவாகவே ஓடும். 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதும் நாடு முழுக்க மின்சாரம் போனது. குரங்கை வைத்து ஊரே பகிடி பண்ணியது. சுழலும் எடை குறைந்திருந்ததால் அந்தச் சிறு அதிர்ச்சியைக்கூட 50 ஹெர்ட்ஸ் மீடிறன் (தமிழக நண்பர்களுக்கு: அதிர்வெண்) தாங்கவில்லை என்பதைப் பேசியவர்கள் குறைவு.

அந்த ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியமின் வைத்திருப்போர் பிற்பகல் 3 மணி வரை அதை நிறுத்திவைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. பகலில் சும்மா வரும் வெயிலை வேண்டாம் என்கிறோம், இரவு ஏழு மணிக்கு எண்ணெய் எரிக்கிறோம். சேர்த்துவைக்கப் போதிய மின்கலம் இல்லை. இந்தச் செயலுக்குத்தான் பெயர் வேண்டும்.

வந்த யோசனைகளில் 'மட்டுப்படுத்தல்' பிழையில்லை, ஆனால் அது எதற்கும் பொருந்தும். வேகத்தையும் மட்டுப்படுத்தலாம், செலவையும் மட்டுப்படுத்தலாம். 'மின்விரயம்' எனக்குப் பிடிக்கவில்லை. அது விளைவைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. அதோடு தீர்ப்பையும் முன்கூட்டியே எழுதிவிடுகிறது. நாளைக்கு ஒப்பந்தத்தில் இழப்பீடு பற்றி வாசகம் எழுதும்போது 'விரயம்' என்று தொடங்கினால் வழக்கறிஞர்கள் விடுவார்களா?

'வான்விடல்' கேட்க அழகாக இருந்தது. குளம் நிறைந்து வான் பாய்வதுபோல மிகை மின்சாரம் வழிகிறது என்ற எண்ணம். தமிழகத்தில் 'வான்' என்றால் ஆகாயம் மட்டும்தான், அங்கே இதற்கு மறுகால், கலிங்கு என்பார்கள் என்பது ஒரு சிக்கல். பெரிய சிக்கல் வேறு. விக்டோரியா நீர்த்தேக்கத்தில் உண்மையாகவே வான்கதவு திறக்கும்போது என்ன சொல்வோம்? நீர்மின்னுக்குப் பெரிய பங்கு இருக்கும் நாட்டில் இரண்டும் ஒரே அறிக்கையில், சிலவேளை ஒரே பத்தியில் வரும்.

அதனால் 'மின்மறிப்பு' என்கிறேன். வெட்டு நுகர்வோருக்கு, மறிப்பு உற்பத்தியாளருக்கு. ஒருவர் நின்று மறிக்கிறார் என்ற பொருளும் அதில் இருக்கிறது. கட்டுப்பாட்டு நிலையத்தின் கட்டளையோ வேண்டுகோளோ இல்லாமல் இது நடப்பதில்லை. 'மின்மறியல்' என்று மட்டும் ஆக்கிவிடாதீர்கள். தமிழகத்தில் அது போராட்டம், எங்களுக்கு அது விளக்கமறியல், அதாவது சிறை.

கூட்டுச்சொற்களுக்கும் இது வளைந்து கொடுக்கிறது. மன்னார் தம்பபவனி போன்ற 103.5 மெகாவாட் காற்றாலைக்குக் கட்டளை போட்டு நிறுத்தினால் 'கட்டளை மறிப்பு'. அது மின்சார சபை கட்டிய ஆலை, ஆகவே நட்டமும் அரசுத் தரப்புக்கே. கூரை வீட்டுக்காரரிடம் கேட்டுத்தான் நிறுத்த முடியும், தூரத்திலிருந்து அணைக்கும் ஏற்பாடு சின்னக் கூரைகளில் இல்லை. அது 'விருப்ப மறிப்பு'. ஆனால் அனுப்பும் அலகுக்குக் காசு வாங்கி வங்கிக் கடன் கட்டுபவர் அவர். அவருக்கு ஏதாவது கொடுப்பதானால் 'மறிப்பு ஈடு'. முழுதாக நிறுத்தாமல் பாதியாகக் குறைத்தால் 'பகுதி மறிப்பு'.

முன்னால் 'ஆற்றல்', 'சக்தி', 'வலு' எதையும் ஒட்டவேண்டாம். எங்கள் பாடநூலில் வலு என்பது பவர், சக்தி என்பது எனர்ஜி. இரண்டையும் சேர்த்து 'வலுசக்தி அமைச்சு' என்று பெயர்ப்பலகை. தமிழகத்தில் திறன், ஆற்றல். அந்தச் சண்டைக்குள் போனால் இந்தச் சொல் வெளியே வராது.

முப்பந்தல், கயத்தாறு பக்கம் காற்றாலை வேலையில் இருப்பவர்கள் இந்தக் குழுவில் இருந்தால் ஒன்று சொல்லுங்கள்: காற்று சீசனில் உங்களை நிறுத்தச் சொல்லும்போது 'பேக்டவுன்' என்கிறீர்களே, அதற்குத் தமிழில் ஏதாவது சொல் ஏற்கனவே ஓடுகிறதா? ஓடினால் என்னுடையதை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம்.