கலைச்சொல் விவாதம்: பொருளுக்குக் கடவுச்சீட்டா, ஏடா?

ஆத்தங்குடியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/1781 எண் சட்டம் 2024 ஜூலை 18 முதல் நடப்பில் இருக்கிறது. ஒரு பொருள் எதனால் ஆனது, யார் செய்தது, பழுது பார்ப்பது எப்படி, ஆயுள் முடிந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் ஒரு க்யூஆர் குறியைக் காட்டினால் தெரிய வேண்டும் என்கிறது அது. அங்கே இதற்கு 'டிஜிட்டல் ப்ராடக்ட் பாஸ்போர்ட்' என்று பெயர். ஜவுளி முதல் வரிசையில் இருக்கிறது. கட்டுமானப் பொருள்களுக்கு 2024/3110 என்று தனிச் சட்டம், அதிலும் இதே ஏற்பாடு உண்டு. சொல்லுக்குச் சொல் வைத்தால் 'எண்ணிமப் பொருள் கடவுச்சீட்டு' என்று வருகிறது. வாய்க்குள் நுழையவில்லை.

இதே மாதிரிப் பதிவுக்காக, ஆத்தங்குடிக் கல் (கையால் வார்க்கும் சிமெண்ட் தரைக்கல்) போடும் பட்டறைகளுக்குக் கைப்பேசிப் படிவம் ஒன்று தமிழில் தயாராகிறது. நிரப்பப் போகிறவர் கண்ணாடி மேல் சட்டம் வைத்து, அச்சுக்குள் கலர் ஊற்றி, அச்சைத் தூக்கி, ஈரம் இழுக்க உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, மேலே சாந்து போட்டுக் கரண்டியால் மட்டம் பண்ணுகிறவர். கல்லுக்குக் கல் கை துடைத்துப் போனைத் தொட முடியாது. நாளுக்கு ஒரு தடவை, பொழுது சாயும்போது பார்ப்பார். தலைப்பைப் படித்ததுமே என்ன கேட்கிறார்கள் என்று பிடிபட வேண்டும்.

இப்போதைக்கு வைத்திருக்கும் கட்டங்கள்: சிமெண்ட் வகை, சாந்து விகிதம், ஆக்சைடு எது எத்தனை கிராம், அச்சு எண், கண்ணாடியிலிருந்து பிரித்த நாள், தண்ணீர்த் தொட்டியில் கிடந்த நாள்கள், தண்ணீர்.

சிமெண்டை முதல் கட்டமாக வைத்ததற்குக் காரணம் உண்டு. நம் கல்லுக்குச் சூளை கிடையாது. வெயிலும் தண்ணீரும்தான். அதனால் கரித்தடமே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். 8 அங்குலக் கல் 100 சதுர அடிக்கு 225 வேண்டும். 2 சென்டிமீட்டர் கனம் என்றால் ஒரு கல் ஏறத்தாழ 1.7 கிலோ. எடையில் கால் பங்கு சிமெண்ட் என்று வைத்தால் 95 கிலோ, கிட்டத்தட்ட இரண்டு மூட்டை. சிமெண்டாக அரைபடும் கிளிங்கரை ஒரு டன் செய்யும்போது சுண்ணாம்புக்கல் பிரிந்து வெளியேறும் கரியமில வாயு மட்டுமே அரை டன். சூளை எரிபொருளுக்கு வருவது தனி. ஆக, கல்லின் கணக்கு பெரும்பாலும் சிமெண்ட் ஆலையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. பட்டறை செய்யக்கூடியது, போட்ட கல்லை வீணாக்காமல் இருப்பது.

சொல் வேண்டும். ஆச்சி, நீங்கள்தான் தொடங்கி வைக்க வேண்டும்.

தேவகோட்டையிலிருந்து:

> எண்ணிமப் பொருள் கடவுச்சீட்டு

கடவுச்சீட்டு எல்லை தாண்டுகிறவனுக்கு, தம்பி. ஆத்தங்குடிக் கல் காரைக்குடியிலோ சென்னையிலோ ஒரு வீட்டுத் தரையில் போய்ப் படுத்தால் அப்புறம் எழுந்திருப்பதில்லை. படுத்த பிறகுதான் நீங்கள் சொல்லும் பதிவுக்கே வேலை. இருபது வருடம் கழித்து இரண்டு கல் உடைகிறது. அச்சு எண்ணும் ஆக்சைடு அளவும் கையில் இருந்தால் இரண்டே கல் போடச் சொல்லலாம். இல்லையென்றால் நிறம் ஒட்டாமல் முழு அறையையும் பெயர்ப்பார்கள். மறுபடி இரண்டு மூட்டை சிமெண்ட்.

எழுதி முடித்துக் கையில் கொடுத்துவிடுவது சீட்டு. எழுதிக்கொண்டே போவது ஏடு. நம் ஊரில் கணக்குப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்த சொல்: குறிப்பேடு, பேரேடு. கல் செய்தவர் ஒரு வரி, பதித்த கொத்தனார் ஒரு வரி, பின்னால் மெருகு போட்டவர் ஒரு வரி என்று பல கை எழுதுகிற இந்தப் பதிவு ஏடுதான். சரக்கேடு என்று வைக்கலாம். சரக்கு வியாபாரச் சொல், ஏடு கணக்குச் சொல்.

இன்னொன்று. பல பட்டறைகளின் தகவல் ஒரே சர்வரில் இருக்கும், ஆனால் ஒருவர் கலவையை மற்றவர் பார்க்கக் கூடாது என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம். கிட்டங்கி. அந்தக் காலத்தில் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நகரத்தார் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கியில், ஒரே கூடத்தில் பல மார்க்காக்காரர்கள் (தனித்தனிப் பேரில் கடை நடத்தியவர்கள்) வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு சாய்மேசை, ஆளுக்கொரு அலமாரி. கூடம் பொது, பெட்டிச் சாவி அவரவர் மடியில். உங்கள் சர்வரின் அமைப்பும் அதுதான்.

காரைக்குடியிலிருந்து (கண்டாங்கி நெசவு):

ஆச்சிக்கு வணக்கம். ஏடு சரி, கிட்டங்கி மிகச் சரி. 'சரக்கேடு' மட்டும் வேண்டாம். ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், காதில் 'கேடு' என்றுதான் விழுகிறது. பற்றாததற்கு, இன்றைய பேச்சில் சரக்கு என்றால் இளைஞர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

பொருள் + ஏடு = பொருளேடு. புணர்ச்சியில் முரண்டு இல்லை. இதற்கும் ஒரு குறை உண்டு: பொருள் என்றால் அர்த்தம், செல்வம் எல்லாம்தான். இந்த மடலின் தலையிலேயே 'பொருள்:' என்று நிற்கிறது. ஆனால் சேலை மடிப்பில் தொங்கும் அட்டையில் பொருளேடு என்று போட்டால் யாரும் அகராதி என்று நினைக்கப் போவதில்லை.

எனக்கு அதைவிட அவசரமான சொல் 'பேட்ச்'. தொகுதி என்று எழுதுகிறார்கள். 'காரைக்குடித் தொகுதி, எண் 14' என்று சேலையில் போட்டால் தேர்தல் நினைவுதான் வரும். இட்லித் தட்டில் ஒரு தடவை வெந்து இறங்குவதை 'ஒரு ஈடு' என்கிறோம். ஒரே மாவு, ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு. பேட்சுக்கு இலக்கணமே அதுதானே? ஈடு, ஈட்டு எண்.

கண்டாங்கியில் இது ஏன் முக்கியம் என்றால், தப்பு நடப்பது சாயத் தொட்டியில். பருத்திச் சிட்டத்துக்கு ரியாக்டிவ் சாயம் போடும்போது நூல் 10 கிலோ, தண்ணீர் அதற்கு 20 மடங்கு, அதாவது 200 லிட்டர் என்று வைப்போம். அரக்கு போன்ற ஆழ்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 50 கிராம் உப்பு என்றால் 10 கிலோ உப்பு. நூல் எத்தனையோ உப்பும் அத்தனை! அந்த உப்பு நூலில் தங்காது, கழிவுநீரோடு முழுசாகப் போய்விடும். நூலைப் பிடிக்காத சாயமும் கூடவே போகும். இரண்டாவது ஈட்டில் நிறம் பிசகினால் மறுசாயம், மறுபடி 200 லிட்டர், மறுபடி உப்பு. முதல் ஈட்டின் சாய எடை, உப்பு, சோடா, சூடு, நேரம் ஐந்தும் எழுதியிருந்தால் பாதிப் பிசகு குறையும். மிச்சப் பாதி சாயப் பவுடரே டப்பாவுக்கு டப்பா மாறுவதால் வருவது. ஆகையால் டப்பாவின் ஈட்டு எண்ணையும் எழுத வேண்டும். ஈட்டுக்குள் ஈடு!

தறிக்கு வந்தால், நீளவாக்கில் ஏற்றும் நூல் வரிசையான பாவுதான் எங்கள் இயல்பான ஈடு. ஒரு பாவில் இறங்கும் சேலைகளுக்கெல்லாம் நூலும் சாயமும் ஒன்று. 2019-இல் கிடைத்த புவிசார் குறியீடு ஊரைச் சொல்கிறது, பாவைச் சொல்வதில்லை.

காரைக்குடியிலிருந்து (மின்கல ஆய்வு):

பொருளேட்டுக்கு என் ஓட்டு. ஆனால் கடவுச்சீட்டை இவ்வளவு மட்டமாகத் தள்ளிவிட வேண்டாம், ஆச்சி. அதிலும் ஒவ்வொரு எல்லையிலும் முத்திரை விழுகிறது, அந்த அளவுக்கு அதுவும் ஏடுதான். அது சறுக்குவது வேறு இடத்தில். கடவுச்சீட்டு ஆளுக்கு ஒன்று. நாம் பேசும் பதிவு அப்படி இல்லை. மாடலுக்கு ஒன்று, பேட்சுக்கு ஒன்று, ஒற்றைப் பொருளுக்கு ஒன்று என்று சட்டம் மூன்று படி வைத்திருக்கிறது, எந்தப் பொருளுக்கு எந்தப் படி என்பது பொருளைப் பொறுத்தது. மூன்றுக்கும் தமிழ் வேண்டும்: வகை, ஈடு, உருப்படி.

மின்கலம் உருப்படிப் படியில் வருகிறது. 2023/1542 சட்டப்படி 2027 பிப்ரவரி 18 முதல் மின்வாகன மின்கலம், இலகு வாகன மின்கலம், 2 கிலோவாட்-மணிக்கு மேல் கொள்ளளவுள்ள தொழில்துறை மின்கலம் ஒவ்வொன்றுக்கும் தனி ஏடு. ஒரே ஈட்டில் பிறந்த இரண்டு மின்கலத்தில் ஒன்று வெயிலில் நின்ற ஆட்டோவில், இன்னொன்று நிழலில். ஐந்தாம் வருடம் இரண்டின் கொள்ளளவும் ஒன்றாக இருக்காது. ஈட்டு எண்ணை வைத்து மறுபயன்பாட்டுக்கு எடுக்க முடியாது, உருப்படி எண்தான் வேண்டும். ஆத்தங்குடிக் கல்லுக்கு அது வீண் வேலை. 225 கல்லுக்கு 225 குறி ஒட்டி என்ன காணப் போகிறீர்கள்?

'ஈடு' பற்றி ஒரு தயக்கம். ஈடு என்றால் அடமானமும்கூட. வட்டிக்கடைப் பழக்கமுள்ள ஊரில் 'ஈட்டு எண்' என்று அச்சடித்தால் கல்லை யாரோ அடகு வைத்துவிட்டார்கள் என்று நினைக்க மாட்டார்களா?

காரைக்குடியிலிருந்து (கண்டாங்கி நெசவு):

அண்ணே, அடகுக்கு 'ஈடு வைத்தல்' என்று வினை சேர்ந்து வரும். இது 'முதல் ஈடு, இரண்டாம் ஈடு' என்று எண் சேர்ந்து வருகிறது. குழம்பாது.

ஆத்தங்குடியிலிருந்து:

பொருளேடு, ஈடு, உருப்படி, வகை, கிட்டங்கி. ஐந்தையும் படிவத்தில் ஏற்றிவிட்டேன். 'எண்ணிம' வேண்டாம். பேரேடு கணினிக்குப் போனபோது யாரும் எண்ணிமப் பேரேடு என்று சொல்லவில்லை.

குறி எங்கே வைப்பது என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். கல்லின் அடியில் ஒட்டினால் பதிக்கும்போது சாந்துக்குள் போய்விடும். மேலே ஒட்டினால் யார் விடுவார்கள்? குறி பொருளிலோ, உறையிலோ, கூட வரும் தாளிலோ இருக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே டெலிவரி ரசீதில் ஒன்று, வீட்டுக்காரருக்குக் கதவு நிலையின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ள ஒன்று.

ஈட்டு எண்ணைத் தொட்டியை வைத்துக் கொடுப்பது நல்லது, ஊற்றிய நாளை வைத்து அல்ல. ஒரே நாளில் ஊற்றியது இரண்டு தொட்டிக்குப் போகும், கல்லின் உறுதி தொட்டியில்தான் தீர்மானமாகிறது. பட்டறை எழுத்து, தேதி, தொட்டி எண்: 'அ-120825-3'.

சிமெண்ட் வகையும் தொட்டி நாளும் படிவத்தில் தள்ளித் தள்ளி இருந்தன, இப்போது பக்கத்தில் பக்கத்தில். அடிச் சாந்துக்கு ஓபிசி என்கிற சாதாரண சிமெண்டை விட்டு, அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி போட்டால் அந்தச் சாம்பல் 35 சதவீதம் வரை கிளிங்கரின் இடத்தைப் பிடிக்கும், கரித்தடம் இறங்கும். ஆனால் பிபிசி மெல்லத்தான் இறுகும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456, ஓபிசிக்கு 7 நாளும் கலப்புச் சிமெண்டுக்கு 10 நாளும் ஈரம் காக்கச் சொல்கிறது. பழைய வழக்கப்படி மூன்றே நாளில் தொட்டியிலிருந்து தூக்கினால் முனை உதிரும், குறை சிமெண்டின் தலையில் விழும். மிச்சம் பிடித்த கரி உடைந்த கல்லில் போய்விடும். பிபிசி என்று தேர்ந்தெடுத்து நாளில் 3 போட்டால் படிவம் சிவப்புக் காட்டும்.

தண்ணீர்க் கட்டத்தில் டிடிஎஸ் மீட்டர் எண் மட்டும் போதாது. மொத்த உப்பைத்தான் அது சொல்லும், சல்பேட்டைத் தனியாகச் சொல்லாது. கலவை நீரில் சல்பேட் லிட்டருக்கு 400 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, பிஎச் 6-க்குக் குறையக் கூடாது. கிணற்று நீரை வருடத்துக்கு ஒரு முறை சோதனைக்கூடத்தில் கொடுத்து அந்தத் தாளைப் படம் எடுத்து ஏற்றலாம், நாளாந்தம் டிடிஎஸ் போதும். தொட்டி நீரையே திரும்பத் திரும்பப் புழங்கும்போது உப்பு ஏறிக்கொண்டே போகும், கல் காய்ந்ததும் முகத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதை ஆசிட் விட்டுக் கழுவுகிறார்கள். ஆசிட் சிமெண்டையே தின்றுவிடும், கண்ணாடி கொடுத்த பளபளப்பு போனது போனதுதான். 'ஆசிட் கூடாது' என்பதை வீட்டுக்காரர் பக்கத்தில் முதல் வரியாக வைத்திருக்கிறேன்.

கிட்டங்கியில் மற்றவர்களுக்குத் தெரியப் போவது மூன்றே: அச்சு எண், நிறம், மிச்சக் கல் எண்ணிக்கை. உடைசலுக்கு என்று ஒவ்வொரு ஆர்டரிலும் கூடுதலாகப் போட்ட கல் எல்லாப் பட்டறை மூலையிலும் அடுக்கிக் கிடக்கிறது. ஒருவர் மிச்சம் இன்னொருவர் பழுதுக்கு உதவும். கலவை விகிதம் அவரவர் பெட்டிக்குள்.

படிவத்தின் கீழே 'சேமி', 'அழி' என்று இரண்டு பொத்தான். வேறு திருத்தம் இருந்தால் வெள்ளிக்குள் சொல்லுங்கள்.

தேவகோட்டையிலிருந்து:

ஒரு திருத்தம். ஏடு என்று பேர் வைத்த பிறகு 'அழி' இருக்கக் கூடாது, தம்பி. பேரேட்டில் தப்பு விழுந்தால் சுரண்ட மாட்டார்கள். மேலே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். பழைய எண் கோட்டுக்கு அடியில் தெரிய வேண்டும். தொட்டி நாள் 3 என்று போட்டுச் சிவப்பு வந்ததும் அழித்து 10 என்று மாற்றினால், யாருக்குத் தெரியும்? அந்தப் பொத்தானை எடுத்துவிட்டு அடித்தெழுது என்று போடுங்கள். மாற்றியவர் பேரும் நேரமும் தானாக விழட்டும்.