Re: 'ரேண்டம் பிராக்டிஸ்' - தமிழில் என்ன சொல்லலாம்?

> பாடநூலில் ரேண்டமுக்குச் சமவாய்ப்பு என்றுதானே இருக்கிறது? சமவாய்ப்புப் பயிற்சி என்றே வைக்கலாம். இலங்கை வழக்கில் எழுமாற்றுப் பயிற்சி.

ஐயா, கணக்குப் பாடத்துக்கு இரண்டும் சரி. ஆனால் இங்கே சீட்டுக் குலுக்கல் கிடையாது. ஞாயிறு காலையில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்குகிறேன். ஃப்ரீ த்ரோ கோட்டில் நிறுத்தி ஐம்பது பந்து போடச் சொல்வது ஒரு வழி. ஒரு லே-அப் (ஓடிவந்து வளையத்துக்குப் பக்கத்தில் போடுவது), ஒரு பாஸ், இடம் மாறி ஒரு ஷாட் என்று எதையும் அடுத்தடுத்து இரண்டு தடவை செய்யவிடாதது இன்னொரு வழி. அந்த இரண்டாவதுதான் 'ரேண்டம்'. வரிசையை முதல் நாளே தாளில் எழுதி வைத்துவிடுவேன். அதில் என்ன சமவாய்ப்பு?

> கலப்புப் பயிற்சி?

கலப்பு இரட்டையர் ஞாபகம் வருகிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவது என்று நினைத்துவிடுவார்கள்.

என் பரிந்துரை: ஊடுபயிற்சி. நிலக்கடலைக்கு நடுவே துவரை போட்டால் ஊடுபயிர் அல்லவா, அதே ஊடு. இதற்கு எதிரான 'பிளாக்டு' வகைக்கு, அதாவது ஒன்றையே ஐம்பது தடவை போடும் முதல் வழிக்கு, அடுக்குப் பயிற்சி. 'பாம்பு பாம்பு' என்பதை அடுக்குத்தொடர் என்று படித்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். தொடர் பயிற்சி என்றால் விடாமல் பழகுவது என்றாகிவிடும்.

சொல் தெளிவாக இருக்க வேண்டியது பெற்றோருக்காகவும்தான். 1979இல் ஷே, மார்கன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மரத்தடுப்புகளைக் கையால் தட்டிச் சாய்க்கும் மூன்று வேலைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பழகும்போது அடுக்குக்காரர்கள் வேகம். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்கள் முந்திவிட்டார்கள். என் மைதானத்தில் நடப்பது அதன் முதல் பாதி. வேலிக்கு வெளியே நிற்கும் அப்பா, "போன வாரம் நல்லா போட்டானே சார், இப்ப ஏன் பந்து வளையத்துலயே படல?" என்கிறார். "ஊடுபயிற்சி நடக்குதுங்க, இப்ப அப்படித்தான் இருக்கும்" என்று சொன்னால் பாதி வேலை முடியும். (பந்தைப் பிடிக்கவே தெரியாத குழந்தைக்கு முதல் சில நாள் அடுக்குதான். அதில் எனக்குச் சண்டை இல்லை.)

இன்னொன்று பாக்கி. ஒரே ஷாட்டைத் தூரம் மட்டும் மாற்றிப் பழகுவது. 1978இல் கெர், பூத் எட்டு வயதுக் குழந்தைகளைச் சிறு மூட்டை எறியவிட்டார்கள். 2 அடி, 4 அடியில் பழகியவர்கள், 3 அடியிலேயே பழகியவர்களை அந்த 3 அடியிலேயே மிஞ்சினார்கள். இது ஊடுபயிற்சி அல்ல, திறன் ஒன்றுதான். 'வேறுபடு பயிற்சி' நாக்கில் ஒட்டவில்லை. யாருக்காவது தோன்றுகிறதா?