ஸ்டூல், ஃபீசஸ், கட், ஸ்வாப்... பப்ளிக் மைக்ரோபயோம் டேட்டால சாம்பிள் டைப்பை எப்படி ஒண்ணாக்குறது?

மயில்தோகை:
வணக்கம் மக்களே. ஒரு மெட்டா அனாலிசிஸுக்காக எஸ்ஆர்ஏல (சீக்வென்ஸ் டேட்டா போட்டு வைக்கற பொது ஆர்க்கைவ்) இருந்து குடல் மைக்ரோபயோம் (குடல்ல வாழற நுண்ணுயிர்க் கூட்டம்) ஸ்டடி கொஞ்சம் இறக்கி வச்சிருக்கேன், எல்லாமே 16எஸ் (பாக்டீரியாவ அடையாளம் காண உதவற ஜீன்), அதுல வி4 ரீஜியன். சீக்வென்ஸ் பக்கம் பெருசா தொல்லை இல்ல, டாடா2 (சீக்வென்ஸ் பிழையத் திருத்தற சாஃப்ட்வேர்) ஓடி முடிஞ்சாச்சு. உயிர எடுக்கறது மெட்டாடேட்டா (சாம்பிள் பத்தின விவரம்) தான். ஒரு ஸ்டடில சாம்பிள் டைப்னு காலம் (டேபிள்ல வர்ற column), இன்னொண்ணுல ஐசொலேஷன் சோர்ஸ், அடுத்ததுல பாடி சைட், ஒரு புண்ணியவான் டிஷ்யூங்கற காலத்துல ஸ்டூல்னு போட்டு வச்சிருக்கார். உள்ள இருக்கற வேல்யூ அதவிட மோசம்: ஸ்டூல், ஃபீசஸ் (அமெரிக்கன் ஸ்பெல்லிங், பிரிட்டிஷ் ஸ்பெல்லிங் ரெண்டும்), ஃபீக்கல் (இது வரைக்கும் எல்லாமே மலம்), கட் (குடல்), கொலான் (பெருங்குடல்), ஃபீக்கல் ஸ்வாப், ரெக்டல் ஸ்வாப் (ஸ்வாப்னா பஞ்சுக் குச்சி), சிலதுல வெறும் "ஹியூமன் கட் மெட்டாஜீனோம்". பெரிய எழுத்து, சின்ன எழுத்து, கடைசில ஒட்டிட்டு இருக்கற ஸ்பேஸ் எல்லாம் தனிக்கதை. கைடு "எல்லாத்தையும் ஸ்டூல்னு மாத்திட்டு மேல போப்பா"ங்கறார். அப்படிச் செய்யலாமா, இல்ல இதுக்குன்னு ஸ்டாண்டர்ட் லிஸ்ட் ஏதாவது இருக்கா? தேடினா மிக்ஸ், என்வோ, யூபெரான்னு என்னென்னமோ வருது, எது எதுக்குன்னே புரியல.

குடல்வாசி:
கைடு சொல்றது பாதி சரி. ஸ்டூல், ஃபீசஸ், ஃபீக்கல் இந்த மூணையும் யோசிக்காம சேத்துடலாம். கொலானையும் ரெக்டல் ஸ்வாபையும் அதுக்குள்ள தள்ளிடாதீங்க. கொலான்னு எழுதினவங்க கொலனோஸ்கோபில பயாப்சி எடுத்திருந்தா அது மியூகோசாவுல (குடல் சுவரோட உள்சவ்வு) ஒட்டி வாழற கூட்டம், மலத்துல வர்றது பெரும்பாலும் லூமன்ல (குடலோட உள்வெளி) இருக்கற கூட்டம், ரெண்டோட கம்போசிஷனும் ஒண்ணு கிடையாது, பயாப்சில மனுஷ டிஎன்ஏவும் ஏகத்துக்கு வரும். ஸ்வாப்ல மலம் சரியா படலன்னா தோல்ல இருக்கற பாக்டீரியா ஏறிக்கும்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணமே ஒரே காலத்துல நாலு கேள்விக்கான பதிலத் திணிக்கறது தான். உடம்புல எந்த இடம், எடுத்த பொருள் என்ன, எதால எடுத்தாங்க, எதுல போட்டு வச்சாங்க. கட் இடம், ஸ்டூல் பொருள், ஸ்வாப் கருவி, இதுங்களப் போய் ஒண்ணுக்கு ஒண்ணு மாத்துவார்த்தைன்னு நினைச்சா எப்பவும் சிக்கல் தான். ஜீனோமிக் ஸ்டாண்டர்ட்ஸ் கன்சார்ட்டியம் 2011ல கொண்டு வந்த மிக்ஸ் (MIxS, சீக்வென்ஸோட என்னென்ன விவரம் தரணும்ங்கற ஸ்டாண்டர்ட்) இதெல்லாம் பிரிச்சே வச்சிருக்கு: ஹோஸ்ட் பாடி சைட் தனி, ஹோஸ்ட் பாடி ப்ராடக்ட் தனி, கலெக்ஷன் டிவைஸ் தனி, ஸ்டோரேஜ் டெம்பரேச்சர் தனி. ஸ்டாண்டர்ட் இல்லாம இல்ல தம்பி, சப்மிட் பண்றப்ப யாரும் பொறுமையா நிரப்பறதில்ல.

அப்புறம் அந்த "ஹியூமன் கட் மெட்டாஜீனோம்" சாம்பிள் டைப்பே கிடையாது. அது என்சிபிஐ (எஸ்ஆர்ஏவ நடத்தற அமெரிக்க அமைப்பு) டாக்ஸானமில இருக்கற ஆர்கனிசம் பேரு, டாக்ஸ் ஐடி 408170. ஆர்கனிசம் காலம் கட்டாயம்ங்கறதால அத நிரப்பறாங்க, அதுல இருந்து மலமா பயாப்சியான்னு ஒண்ணும் தெரியாது.

செம்பருத்தி:
என்வோ, யூபெரான் குழப்பத்துக்கு மட்டும் பதில் சொல்றேன். யூபெரான் விலங்குகளோட உடல் உறுப்பு, திசு, உடம்புல இருந்து வர்ற பொருளுக்கான ஆன்டாலஜி (ஒவ்வொரு சொல்லுக்கும் ஐடி வச்ச பட்டியல்). என்வோ சுற்றுச்சூழலுக்கு: மண்ணு, கடல் தண்ணி, வண்டல். வேடிக்கை என்னன்னா மலம் ரெண்டுலயும் இருக்கு, யூபெரான்ல 0001988, என்வோல "ஃபீக்கல் மெட்டீரியல்"னு 00002003. எது சரின்னு சண்டை போட வேண்டியதில்ல. பாடி ப்ராடக்ட்ல யூபெரான், என்வயர்ன்மென்ட் மீடியம்ங்கற காலத்துல என்வோ. பேரோட ஐடியையும் சேர்த்து எழுதுங்க, அப்ப ஸ்பெல்லிங் எப்படி இருந்தாலும் கவலையில்ல. இபிஐயோட (ஐரோப்பிய பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் மையம்) ஆன்டாலஜி லுக்கப் சர்வீஸ்ல அடிச்சா ரெண்டும் வரும்.

மிக்ஸ்ல ப்ராட் ஸ்கேல், லோக்கல் ஸ்கேல், மீடியம்னு மூணு என்வயர்ன்மென்ட் காலம் இருக்குல்ல, முதல் ரெண்டுக்காக மண்டைய உடைச்சுக்காதீங்க. மண்ணுக்கும் கடலுக்கும் கச்சிதமா பொருந்தும். மனுஷக் குடல் ஸ்டடிங்கள்ல அதே காலத்துல ஒருத்தர் "அர்பன் பயோம்"னு ஊரைப் போட்டிருப்பார், இன்னொருத்தர் "டென்ஸ் செட்டில்மென்ட் பயோம்"னு போட்டிருப்பார். சாம்பிள் எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா குடியிருக்கற ஏரியாவச் சொல்றாங்க. மீடியம் காலத்த மட்டும் நம்புங்க.

பழைய பிப்பெட்:
நான் கொஞ்சம் மாத்தி சொல்வேன். கைல இருக்கறது அனாலிசிஸ், ஆர்க்கைவ் இல்ல. ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஆன்டாலஜி ஐடி தேடிட்டு உக்காந்தா இந்த வருஷம் பேப்பர் வராது. க்யூரேட்டட்மெட்டாஜீனோமிக்டேட்டான்னு ஆர் பேக்கேஜ் இருக்கு, அதுல பாடி சைட்டுக்கு ஸ்டூல், ஸ்கின், ஓரல் கேவிட்டி, நேசல் கேவிட்டி, வஜைனா, மில்க்னு விரல் விட்டு எண்ற அளவு வார்த்தை தான், நுணுக்கம் வேணும்னா பாடி சப்சைட்னு பக்கத்துல இன்னொரு காலம். அதையே காப்பி அடிங்க. எர்த் மைக்ரோபயோம் ப்ராஜெக்ட்டும் அப்படித் தான் சமாளிச்சாங்க, 2017 நேச்சர் பேப்பர்ல 97 ஸ்டடி, 27,751 சாம்பிள், என்வோவ மட்டும் வச்சு ஓட்ட முடியாம எம்போன்னு மூணு அடுக்குல சொந்தமா ஒண்ணு கட்டினாங்க: ஹோஸ்ட்ல இருக்கா வெளிய இருக்கா, விலங்கா செடியா உப்பா உப்பில்லாததா, அப்புறம் "அனிமல் டிஸ்டல் கட்" மாதிரி ஒண்ணு.

எம்போல எனக்குப் பிடிச்சது கன்ட்ரோலுக்கும் பேர் வச்சது: ஸ்டெரைல் வாட்டர் பிளாங்க் (சாம்பிளே போடாத வெறும் தண்ணி), மாக் கம்யூனிட்டி (தெரிஞ்ச பாக்டீரியாவ வச்சுச் செஞ்ச கலவை). உங்க டேபிள்ல பிளாங்க் கலந்திருக்கான்னு மொதல்ல பாருங்க, எக்செல்ல மேல இருந்து கீழ இழுத்து விட்டவங்க பிளாங்குக்கும் மலம்னு தான் போட்டிருப்பாங்க.

குடல்வாசி:
@பழைய பிப்பெட் சின்ன லிஸ்ட் எனக்கும் ஓகே தான் அண்ணே, ஆனா எம்போ கொண்டு போனா ஸ்டூலும் ரெக்டல் ஸ்வாபும் ஒரே டிஸ்டல் கட்ல விழும். மண்ணையும் குடலையும் பிரிக்கறதுக்கு அது போதும், இவருக்கு வேண்டியதே குடலுக்குள்ள இருக்கற வித்தியாசம்.

மயில்தோகை:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பிளாங்க் பாத்தேன், ஒரு ஸ்டடில நெஜமாவே இருக்கு 🙏 ரெண்டு சந்தேகம். ஓபன்ரிஃபைன்ல (டேபிள சுத்தம் பண்ற சாஃப்ட்வேர்) க்ளஸ்டர் போட்டு வேல்யூவ சேக்கலாமா? அப்புறம் ஃபீக்கல் ஸ்வாப், ரெக்டல் ஸ்வாப் ரெண்டும் ஒண்ணு தானே?

செம்பருத்தி:
ஒண்ணு இல்ல. அமெரிக்கன் கட் ப்ராஜெக்ட்ல ஆளுங்க வீட்லயே யூஸ் பண்ண டாய்லெட் பேப்பர்ல ஸ்வாபைத் தொட்டு எடுத்து தபால்ல அனுப்பினாங்க. அங்க பொருள் மலம், கருவி ஸ்வாப். ரெக்டல் ஸ்வாப் உள்ள விட்டு எடுக்கறது. ஃபீக்கல் ஸ்வாப்னு பாத்தா பேப்பரோட மெத்தட்ஸ் செக்ஷனப் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க, சிலர் ரெக்டலையே அப்படி எழுதியிருப்பாங்க. வழில ஃப்ரீஸ் பண்ணாம ரூம் டெம்பரேச்சர்ல வந்ததால அந்தத் தபால் சாம்பிள்கள்ல சில காமாப்ரோட்டியோபாக்டீரியா பெருகி, அந்த சீக்வென்ஸ கழிச்சுட்டு தான் அனாலிசிஸ் பண்ண வேண்டி வந்துச்சு, அதனால உடனே ஃப்ரீஸ் பண்ணாங்களா, 95% எத்தனாலா, சும்மா ரூம் டெம்பரேச்சரா, இதுக்கும் ஒரு காலம் வச்சுடுங்க.

ஓபன்ரிஃபைன்ல ஃபிங்கர்ப்ரின்ட் மெத்தட் மட்டும் போடுங்க, ஸ்பேஸ், பெரிய எழுத்து தொல்லை அதுலயே போயிடும். லெவன்ஷ்டைன் தூரம் (எத்தனை எழுத்து மாறுதுன்னு எண்றது) பக்கம் போகாதீங்க, ஃபீக்கல் ஸ்வாபுக்கும் ரெக்டல் ஸ்வாபுக்கும் ஆங்கிலத்துல ரெண்டே எழுத்து மாத்தம், சேத்து வச்சுடும்.

குடல்வாசி:
ஒரிஜினல் காலத்த மட்டும் அழிச்சுடாதீங்க. தனியா ஒரு மேப்பிங் ஷீட்: பழைய வேல்யூ, புது வேல்யூ, எத வச்சு முடிவு பண்ணீங்க. பேப்பர்லயும் இல்ல, மெயில் போட்டும் பதில் வரலன்னா "நாட் ப்ரொவைடட்"னு விடுங்க, ஊகிச்சு நிரப்பாதீங்க. எடுக்கவே இல்லன்னா "நாட் கலெக்டட்", ரெண்டும் வேற, என்சிபிஐயும் இஎன்ஏவும் (ஐரோப்பிய ஆர்க்கைவ்) ஏத்துக்கற வார்த்தைங்க தான். மெயின் அனாலிசிஸ ஸ்டூல்னு உறுதியானத வச்சு மட்டும் ஓட்டுங்க, ஸ்வாபை சேத்து ஒரு தடவை ஓட்டி சப்ளிமென்ட்ல போட்டா கைடும் சந்தோஷப்படுவார்.

மயில்தோகை:
சூப்பர்ங்க, இன்னிக்கே ஷீட் போட்டுடறேன். ஒரு ஸ்டடில பச்சக்குழந்தைங்களும் இருக்கு, அதுல "மெக்கோனியம்"னு சில வரி வருது, அதையும் ஸ்டூல்ல சேக்கலாமா?

பழைய பிப்பெட்:
சேக்காதீங்க. அது பொறந்ததும் போற முதல் மலம், பாக்டீரியா ரொம்பக் கம்மி, டிஎன்ஏ பிரிக்கற கிட்ல இருந்து வர்ற கன்டாமினேஷனே சாம்பிள விட அதிகமா தெரியும். தனி வகையா வச்சு, அந்த ஸ்டடி பிளாங்கோட ஒப்பிட்டுப் பாருங்க. பிளாங்க் சப்மிட் பண்ணலன்னா அந்த வரிகள விட்டுடறது நல்லது.