ஷெர்மனை ஃபயர்ஃப்ளையா மாத்துறேன், குழல் மட்டும் நீட்டினா போதுமா?

அடையாறு_டாங்கர்:
வணக்கம் எல்லாருக்கும். 28 மில்லி பொம்மைகளை மேஜைல வெச்சு விளையாடுற இரண்டாம் உலகப்போர் கேம்ல இறங்கி ஆறு மாசம் ஆகுது, என்னோடது 1944 நார்மண்டி பிரிட்டிஷ் படை. மூணு ஷெர்மன் டாங்க் மாடல் முடிச்சாச்சு, நாலாவதா 1/56 பிளாஸ்டிக் கிட் ஒண்ணு கைல இருக்கு, வெல்டிங் ஹல் (டாங்கோட உடல்) வெச்ச எம்4 வகை ஷெர்மன், 75 மில்லி பீரங்கி. அதை ஃபயர்ஃப்ளையா, அதாவது 17 பவுண்டர்ங்கிற நீளக் குழல் பீரங்கி வெச்ச பிரிட்டிஷ் ஷெர்மனா மாத்தணும்னு ரொம்ப ஆசை, தனி கிட் வரவழைச்சா ஷிப்பிங் கஸ்டம்ஸ்னு எங்கயோ போயிடுது. பால்பாயிண்ட் ரீஃபில வெட்டி குழலா ஒட்டினேன், மறுநாளே கழண்டு விழுந்துடுச்சு, பெயிண்டும் தோல் மாதிரி உரியுது. குழல் மட்டும் நீட்டினா போதுமா, வேற என்னென்ன மாத்தணும்? இன்னொண்ணு, போன டாங்க்ல மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடிச்சதும் முழுக்க வெள்ளை பூத்துப்போச்சு. மூணு வாரம் உக்காந்து பண்ணின வேலை, பாத்ததும் மனசே விட்டுப்போச்சு. அதைக் காப்பாத்த வழி இருக்கா?

பித்தளைக்குழாய்:
தம்பி, ரீஃபில் குழாய் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், அதுல ஃபெவிகுவிக்கும் பிடிக்காது பெயிண்டும் பிடிக்காது, விட்டுடுங்க. பித்தளைக் குழாய் வாங்குங்க, விளையாடும்போது கை பட்டாலும் உடையாது. நான் 2 மில்லி குழாய் போட்டு அடிப்பக்கம் மட்டும் 3 மில்லி குழாயை உறை மாதிரி சொருகினேன். பிளாஸ்டிக் சிமெண்ட் பித்தளைல ஒட்டாது, அதுக்கு ஃபெவிகுவிக் தான். டரட் (மேல சுத்துற பீரங்கிக் கூண்டு) முகப்புல பின் வைஸால (கையால திருகுற சின்ன ட்ரில்) நேரா ஒரு ஓட்டை போட்டு உள்ள ஒரு சென்டிமீட்டர் போற மாதிரி வைங்க.

நீளம் பத்தி ஒரு விஷயம். 17 பவுண்டர் 55 கேலிபர், அதாவது குழல் நீளம் வாய் அகலத்தைப் போல 55 மடங்கு, வாய் 76.2 மில்லி, பெருக்கினா கிட்டத்தட்ட 4.19 மீட்டர், 1/56ல சுமார் 75 மில்லி வரும். அதை அப்படியே வெளிய நீட்டிடாதீங்க, பின்பகுதி டரட்டுக்குள்ள இருக்கும். பக்கவாட்டு போட்டோ ஒண்ணை 1/56க்கு சுருக்கி பிரிண்ட் போட்டு அது மேல வெச்சு வெட்டுங்க. முனைல இருக்கிற மசில் பிரேக்குக்கு (சுடும்போது பின்னுதைப்பைக் குறைக்கிற பாகம்) பாசிமணி கடைல கிடைக்கிற சின்ன உருண்டை மணி அருமையா அமையுது, குழாய்ல சொருகி ரெண்டு பக்கமும் அரத்தால லேசா தேச்சா அந்த உப்பின வடிவம் வந்துடும்.

ஆனா குழல் மட்டும் போதாது. அந்த பீரங்கி ஷெர்மன் டரட்டுக்கு ரொம்பப் பெருசு, அதை உள்ள திணிக்க அவங்க பண்ணின ஒவ்வொரு மாத்தமும் வெளிய தெரியும், ஃபயர்ஃப்ளையோட அழகே அதுல தான் இருக்கு. பின்னாடி ரேடியோ இருந்த இடத்துக்கு பீரங்கி தள்ளி வர்றதால டரட் பின்சுவத்துல ஓட்டை போட்டு ஒரு கவசப்பெட்டிய பொருத்தி ரேடியோவை அதுக்குள்ள வெச்சாங்க. லோடர், அதாவது பீரங்கில குண்டு போடுறவர், வெளிய வர வழி இல்லாம போனதால கூரைல இடது பக்கம் புதுசா ஒரு ஹேட்ச் (மூடி வெச்ச வாசல்) வெட்டினாங்க. குண்டும் நீளம், வைக்க இடம் வேணும், அதனால ஹல் மெஷின்கன் ஆளை எடுத்துட்டு அந்த ஓட்டைய தகடு வெச்சு அடைச்சாங்க, அஞ்சு பேர் வண்டி நாலு பேர் வண்டியாச்சு. பெட்டிக்கு 1 மில்லி பிளாஸ்டிக் கார்டு போதும், ஹல் தகட்டை சுத்தி எம்-சீல் மெல்லிசா உருட்டி ஊசியால குத்திக்குத்தி விட்டா வெல்டிங் தையல் மாதிரியே இருக்கும். ஹல்லை வெட்ட வேண்டாம். நிறைய ஃபயர்ஃப்ளை நீளமான எம்4ஏ4ல பண்ணினது தான், ஆனா சாதா எம்4லயும் பண்ணிருக்காங்க.

தூரிகை_தேவி:
அண்ணன் செய்முறை சொல்லிட்டாங்க, நான் பெயிண்ட் பத்தி சொல்றேன். வார்னிஷ் பூத்தது ஈரத்தால. அதே டாங்க் மேல க்ளாஸ் வார்னிஷை பிரஷ்ஷால மெல்லிசா ஒரு கோட் குடுங்க, பெரும்பாலும் வெள்ளை மறைஞ்சிடும், நல்லா காஞ்சதும் மேட் வார்னிஷையும் பிரஷ்லயே போடுங்க. ஐப்பசி கார்த்திகைல நான் ஸ்ப்ரே டப்பாவ தொடவே மாட்டேன், பிரைமரும் பிரஷ் தான்.

கலருக்கு 1944ல பிரிட்டிஷ்காரங்க மாறின எஸ்சிசி 15ங்கிற ஆலிவ் பச்சை தான், அமெரிக்க ஆலிவ் டிராப விட கொஞ்சம் பச்சை தூக்கலா இருக்கும். டப்பால இருக்கிற நிறத்தை அப்படியே அடிச்சா சின்ன மாடல்ல கருப்பா தெரியும், கொஞ்சம் வெளிர் மஞ்சள் கலந்துக்கோங்க. அப்புறம் தயவுசெஞ்சு குழலை ஒரே கலர்ல விட்டுடாதீங்க. நீளக் குழல் வண்டிய ஜெர்மன்காரங்க தேடித்தேடி முதல்ல அடிச்சாங்க, அதனால குழலோட முன்பாதிக்கு அடிப்பக்கம் மட்டும் வெள்ளை அடிச்சு, பச்சையும் வெள்ளையும் சேர்ற கோட்டை அலை மாதிரி விட்டாங்க, தூரத்துல பாத்தா குட்டைக் குழல்னு நினைக்கணும்னு. எங்க வீட்டு ஃபயர்ஃப்ளைய மேஜையோட அந்தக் கோடில வெச்சு கண்ணை மேஜை மட்டத்துக்கு இறக்கிப் பாத்தேன், நிஜமாவே முன்பாதி கரைஞ்சு போகுது, அப்படியே சிலிர்த்துடுச்சு. உள்ள இருந்தவங்களுக்கு அது உயிர் சம்பந்தப்பட்ட பெயிண்ட் இல்லையா.

அடையாறு_டாங்கர்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. க்ளாஸ் போட்டேன், வெள்ளை போயே போச்சு!! பெட்டியும் ஒட்டியாச்சு. கடைசியா ஒண்ணு, டரட் பக்கத்துல முக்கோணம் சதுரம்லாம் போடுறாங்களே அதுல எதை எந்தக் கலர்ல போடணும்?

பித்தளைக்குழாய்:
ரெஜிமெண்ட்டுக்குள்ள இருக்கிற டாங்க் பிரிவு தான் ஸ்குவாட்ரன். முக்கோணம் ஏ ஸ்குவாட்ரன், சதுரம் பி, வட்டம் சி, டைமண்ட் தலைமையகம். பிரிகேட்ல மூத்த ரெஜிமெண்ட்னா சிவப்பு, ரெண்டாவது மஞ்சள், இளையது நீலம். உங்க மத்த மூணு வண்டில என்ன இருக்கோ அதையே போடுங்க, ஒரு ட்ரூப்ல (நாலு டாங்க் குழு) மூணு சாதா ஷெர்மனுக்கு ஒரு ஃபயர்ஃப்ளைனு தான் பெரும்பாலும் குடுத்தாங்க, உங்களுக்கு கணக்கு சரியா வந்துடுச்சு. டீகால் (தண்ணில நனைச்சு ஒட்டுற சின்னம்) ஒட்டுற இடத்துல முதல்ல க்ளாஸ் போட மறக்காதீங்க, இல்லேன்னா அடில காத்து நின்னு வெள்ளி மாதிரி மினுங்கும். முடிச்சதும் நாலையும் வரிசையா நிறுத்தி போட்டோ போடுங்க தம்பி.