மரை போன இரண்டு துளைகள்

பெரிய வீடு 🏠 (குடும்பக் குழு)

*சனிக்கிழமை, டெக்சஸில் இரவு 8:40*

நான்: மாமா, அங்கே விடிந்திருக்குமே, எழுந்துவிட்டீர்களா? ஒரு மரை விஷயம் கேட்கணும். பாப்பாவுக்குக் குறி சுடப் பழக்க வாங்கினேனே, அந்த ரூகர் 10/22 துப்பாக்கி. அதன் மேல் ஸ்கோப், அதாவது குறி பார்க்கிற தொலைநோக்கி, வைக்கிற பேஸ் தகட்டை நான்கு திருகுதான் பிடிக்கிறது. முன்னால் இருக்கிற இரண்டும் இறுகாமல் சும்மாவே சுற்றுகின்றன.

பட்டறை மாமா: காபி குடித்துக்கொண்டிருக்கிறேன் மாப்பிள்ளை. முதலில் ஒன்று சொல். குண்டு உள்ளே இருக்கிறதா?

நான்: இல்லை மாமா. குண்டு அடைக்கிற மேகசினைக் கழற்றிவிட்டேன், குண்டு உட்காரும் சேம்பரை விரல் விட்டும் பார்த்துவிட்டேன்.

பட்டறை மாமா: சரி. எனக்குத் துப்பாக்கி தெரியாது, மரை தெரியும். துளை இரும்பிலா அலுமினியத்திலா?

நான்: குழல் எஃகு. ஆனால் துளை இருக்கிற மேல் உடம்பு, ரிசீவர் என்பார்கள், அது அலுமினியம். திருகு 6-48.

பட்டறை மாமா: அப்படியென்றால் விட்டம் 3.5 மில்லி, அங்குலத்துக்கு 48 மரை. ஒரு சுற்றுக்கு அரை மில்லிக்குக் கொஞ்சம் மேல்தான் இறங்கும். இவ்வளவு பொடி மரை அலுமினியத்தில் இருந்தால் கை பலத்தைத் தாங்காது. எதை வைத்து இறுக்கினாய்?

நான்: எல் கீ. அதன் நீளப் பக்கத்தைப் பிடித்து இறுக்கினேன் 😔

அத்தை: கண்ணு, நம் வீட்டு நிலைக்கதவு கீலுக்கு உன் மாமா தீக்குச்சியும் பெவிகாலும் வைத்து அடித்தாரே. பத்து வருஷமாக நிற்கிறது. அது ஆகாதா?

பட்டறை மாமா: அது மரம். குச்சியும் மரமும் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். உலோகத்தில் மரையின் பல்தான் பிடிப்பு. பல் உதிர்ந்த பிறகு எதைத் திணித்தாலும் பிடிக்காது.

அக்கா: எம்-சீல்?

பட்டறை மாமா: குழாய் ஒழுகினால் வைக்கலாம்மா. சுடும்போது ஒவ்வொரு தடவையும் அதிர்கிற இடத்தில் அதை நம்பக்கூடாது.

நான்: டிரில் வாங்கி வைத்திருக்கிறேன் மாமா. இன்று இரவே பெரிய துளை போட்டு, டேப் என்கிற மரை வெட்டும் கருவியால் 8-40 மரை வெட்டிவிடலாமா?

பட்டறை மாமா: கையை எடு! துளையைப் பெரிதாக்குவது ஒரு தடவைதான் முடியும். முதலில் அளவு எடு. திருகைப் பேஸுக்குள் விட்டு, அடியில் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது பார். அப்புறம் பல்குத்தும் குச்சியை விட்டுத் துளையின் ஆழத்தை அளந்து சொல். இரண்டு துளைக்கும் தனித்தனியாக.

*இரவு 9:25*

நான்: அந்த இரண்டில் பின் துளை 4.5 மில்லி ஆழம். திருகு 1.6 மில்லிதான் நீட்டுகிறது.

பட்டறை மாமா: மூன்றே மரையில் தொங்கியிருக்கிறது. அங்கே குட்டைத் திருகைப் போட்டிருக்கிறாய். மேல் மூன்று பல்தான் போயிருக்கும், கீழே நல்ல மரை இருக்கும். எஃகாக இருந்தால் திருகின் விட்டம் அளவுக்காவது பிடிப்பு வேண்டும். அலுமினியத்துக்கு ஒன்றரை மடங்கு இருந்தால்தான் நிம்மதி. உனக்கு அவ்வளவு ஆழம் இல்லை, அதனால் இருப்பதை முழுக்கப் பிடி. அதே 6-48 மரையில் நீளத் திருகு வாங்கிப் போடு. ஆனால் முனை உள்ளே நீட்டக்கூடாது, துப்பாக்கிக்குள் முன்னும் பின்னும் ஓடுகிற போல்ட்டை உரசும்.

நான்: முன் துளையில் குச்சியால் தடவினால் வழுவழு என்று இருக்கிறது. அந்தத் திருகு தொலைந்துபோய், கடையில் அதே தடிமனில் 6-32 வாங்கிப் போட்டேன்.

பட்டறை மாமா: அதுதான் காரணம். தடிமன் ஒன்று, மரை வேறு. 48 மரைத் துளையில் 32 மரைத் திருகைத் திணித்தால் பழைய பல் மொத்தமும் நசுங்கும். முதல் இரண்டு சுற்று விரலால் போகவில்லையென்றால் அது அந்தத் துளையின் திருகே இல்லை. பட்டறைக்கு வருகிற பையன்களுக்கு முதல் நாள் சொல்கிற பாடம் இது.

நான்: இதற்கு 8-40 தானே வழி?

பட்டறை மாமா: ஆமாம், 4.2 மில்லித் திருகு. அதற்கு 3.6 மில்லி அளவில் துளை போடணும். கையில் பிடித்துப் போட்டால் பிட் பழைய துளையை விட்டு ஒரு பக்கம் சாயும், பேஸ் கோணலாகும், ஸ்கோப்பும் கோணலாகும். பேஸில் இருக்கிற ஓட்டையையும் திருகுத் தலை உட்காரும் குழியையும்கூடப் பெரிதாக்கணும். உன்னிடம் டிரில் ஸ்டாண்டு இல்லை. துப்பாக்கி ரிப்பேர் செய்கிறவரிடம் கொடு.

நான்: அவர் சரியாகச் செய்கிறாரா என்று நான் எதைப் பார்ப்பது?

பட்டறை மாமா: வேலையை மெஷினில் கட்டிச் செய்கிறாரா பார். டேப்பை அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று ஓட்டினால் சீவல் உடைந்து வெளியே வரும். அலுமினியத்துக்கு நான் மண்ணெண்ணெய் விடுவேன், அவர் வேறு எண்ணெய் விடலாம். எண்ணெயே விடாமல் அடித்தால் எடுத்துக்கொண்டு வந்துவிடு.

*அடுத்த வெள்ளி, மாலை 6:10*

நான்: [படம்] மாமா, முடிந்தது. முன் துளை மட்டும் 8-40 ஆகிவிட்டது. பின் துளையில் நீளத் திருகு, நீங்கள் சொன்னபடியே கீழே நல்ல மரை இருந்தது! துளையையும் திருகையும் ஸ்பிரிட்டால் துடைத்து, திருகு கழலாமல் பிடிக்கிற நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு விட்டேன். இறுக்கத்தை அளந்து இறுக்குகிற டார்க் திருப்புளி வாங்கி 15 இன்ச்-பவுண்டில் நிறுத்திவிட்டேன்.

பட்டறை மாமா: நம் கணக்கில் 1.7 நியூட்டன் மீட்டர். போதும். போல்ட்டை மெதுவாக இழுத்துப் பார்த்தாயா?

நான்: பத்துத் தடவை. எங்கும் உரசவில்லை.

அத்தை: பாப்பா எங்கே, காதுக்கு மாட்டுகிறது வாங்கினீர்களா?

நான்: காதுக்கும் கண்ணுக்கும் வாங்கியாச்சு அத்தை. நாளைக் காலை சுடப் பழகும் ரேஞ்சுக்குப் போகிறோம்.

பட்டறை மாமா: லாக்டைட் முழுக்க இறுக ஒரு நாள் வேண்டும். நாளை வேண்டாம், ஞாயிறு போங்கள். திருகுத் தலையிலிருந்து பேஸ் வரைக்கும் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடு. ஐம்பது குண்டு சுட்ட பிறகு கோடு நகர்ந்திருக்கிறதா என்று படம் அனுப்பு.

*ஞாயிறு, மதியம் 1:05*

நான்: [படம்] நான்கு கோடும் இடத்திலேயே இருக்கின்றன மாமா.

பட்டறை மாமா: 👍 அந்த 6-32 திருகைத் திருகு டப்பாவிலிருந்து எடுத்துத் தனியாக வை மாப்பிள்ளை.